அலுவலக நாய்க்கு முதல் பிறந்தநாள்: மதிப்பீட்டு அறிக்கையில் எவ்வளவு நகைச்சுவை இருக்கலாம்?

கேள்வி: மேசையடி

எங்கள் அலுவலகத்தில் 'நிலுவை' என்ற பெயரில் ஒரு நாய் இருக்கிறது. வருகிற வெள்ளிக்கிழமையோடு அதற்கு ஒரு வயது நிறைகிறது. பெயருக்கு ஒரு வரலாறு உண்டு. இரண்டு மாதக் குட்டியாக அது வந்து சேர்ந்தபோது வாசல் பதிவேட்டில் அதன் பெயரை எழுத வேண்டியிருந்தது. நாற்பது பேரும் இரண்டு வாரம் விவாதித்தும் முடிவு எட்டப்படாததால், காவலர் அந்தக் கட்டத்தில் 'நிலுவை' என்று எழுதி வைத்தார். நாங்கள் ஒரு முடிவுக்கு வருவதற்குள் நாய் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டது. பிறந்த தேதியும் ஏறக்குறைய அதே வழியில் வந்ததுதான். கால்நடை மருத்துவர் பால்பற்களைப் பார்த்து எட்டு வாரம் இருக்கலாம் என்றார். நாங்கள் பின்னோக்கி எண்ணி, அடுத்த ஆண்டு நாட்காட்டியையும் ஒருமுறை பார்த்துக்கொண்டு, வேலை நாளில் வரக்கூடிய ஒரு தேதியை நிர்ணயித்தோம்.

விழாப் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. மாலை நான்கு மணிக்கு, அரை மணி நேரம். கேக் வெட்டுவது, பாட்டுப் பாடுவது, தொப்பி அணிவிப்பது ஆகியவற்றோடு, ஆண்டுச் செயல்திறன் மதிப்பீட்டு அறிக்கை ஒன்றை நாய்க்காக நான் வாசிப்பதாகத் திட்டம். வரைவு இது:

"ஊழியர்: நிலுவை. பதவி: இளநிலை அலுவலர், வரவேற்பு மற்றும் மிச்சம்மீதிப் பிரிவு. சாதனைகள்: எந்தக் கூட்டத்துக்கும் முதல் ஆளாக வந்து, கடைசி வரை இருந்து, ஒரு சொல்லும் பேசாமல், கூட்டம் பயனுள்ளதாக இருந்தது என்ற எண்ணத்தை அனைவரிடமும் ஏற்படுத்தினார். நாளொன்றுக்கு 12 மணி நேர உறக்கம் என்ற இலக்கை எல்லாக் காலாண்டுகளிலும் தாண்டினார். குறைகள்: கணக்குப் பிரிவைச் சேர்ந்த இடதுகால் செருப்பு ஒன்றின் இருப்பிடம் குறித்து இன்றுவரை விளக்கம் அளிக்கவில்லை. வருகை: இவரைவிடப் பின்தங்கியவர்கள் ஏழு பேர் (பெயர்கள் வாசிக்கப்படும்). பரிந்துரை: தகுதிகாண் பருவத்தை நிறைவுசெய்ததாகக் கருதி, இவரைப் பணிநிரந்தரம் செய்யலாம்."

படித்துப் பார்த்த இருவர் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். மூன்றாமவர் சிரிக்கவில்லை, காரணமும் சொல்லவில்லை. அதுதான் என்னை உறுத்துகிறது. நாய்க்கு எதைத் தின்னக் கொடுக்கலாம் என்பதிலும் எனக்குத் தெளிவில்லை. அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டும்.


மறுமொழி: வால்நட்சத்திரம்

அறிக்கையைப் பற்றி மற்றவர்கள் எழுதுவார்கள். எங்கள் அலுவலக நாயை நான்கு ஆண்டுகளாகக் கவனித்துக்கொள்பவள் என்ற முறையில் நான் உணவைப் பற்றியும் ஓசையைப் பற்றியும் மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் எங்கள் முதல் பிறந்தநாள் விழா கால்நடை மருத்துவமனையில் முடிந்தது.

மனிதர்களுக்கான கேக்கில் ஒரு துண்டுகூட நாய்க்கு வேண்டாம். சாக்லேட்டில் உள்ள தியோபுரோமினை நாயின் உடல் மிக மெதுவாகத்தான் சிதைத்து வெளியேற்றுகிறது. சாக்லேட் எவ்வளவு கறுப்போ அவ்வளவு ஆபத்து. திராட்சையும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியவை. ஒரு நாய்க்கு ஒன்றும் ஆகாத அளவு இன்னொன்றைச் சாய்த்துவிடுவதால், பாதுகாப்பான அளவு என்று எதையும் சொல்ல முடியாது. வெங்காயமும் பூண்டும், சமைத்தவையாக இருந்தாலும், இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கின்றன.

ஆனால் அலுவலகத்தில் இவற்றையெல்லாம்விட நான் அஞ்சுவது சர்க்கரை சேர்க்காத சூயிங்கத்தைத்தான். அவற்றில் பலவற்றில் இனிப்புக்காக சைலிட்டால் சேர்க்கிறார்கள். நமக்கு அது தீங்கற்றது, நாயின் உடலிலோ அது இன்சுலினைத் திடீரென்று பெருக்கி, இரத்தச் சர்க்கரையை அரை மணி நேரத்துக்குள்ளேயே ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடலாம், கல்லீரலையும் கெடுக்கலாம். எங்கள் நாய் கேக்கைத் தொடவில்லை. எல்லோரும் பாட்டுப் பாடிக்கொண்டிருந்த நேரத்தில், நாற்காலியடியில் திறந்து கிடந்த ஒரு கைப்பைக்குள் தலையை விட்டு, ஒரு முழுப் பொட்டலம் சூயிங்கத்தைத் தாளோடு விழுங்கியது. கூட்டத்தில் ஒருவர் அதைப் பார்த்துவிட்டதால் தப்பித்தது. ஆகவே விழா நாளன்று காலையில் நீங்கள் அனுப்ப வேண்டிய முதல் சுற்றறிக்கை, கைப்பைகளை மேசைமேல் வைக்கச் சொல்வதாக இருக்கட்டும். கடலை வெண்ணெய் வாங்கினால் அதன் உறையிலும் சைலிட்டால் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள்.

தின்பண்டம் கொடுக்கும் பொறுப்பை ஒரே ஒருவரிடம் ஒப்படையுங்கள். நாளின் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தின்பண்டமாக இருக்கக் கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் பொது அளவு. நாற்பது பேர் ஆளுக்கு ஒரு வாய் என்று அன்பு காட்டினால் அந்தக் கணக்கு முதல் ஐந்து நிமிடத்திலேயே முடிந்துவிடும்.

பலூன் வேண்டாம். வெடிக்கும் ஓசை ஒரு காரணம். கிழிந்த ரப்பர்த் துண்டை விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும் என்பது பெரிய காரணம். பரிசுப்பொதிகளில் ஸ்டேப்ளர் பின் வேண்டாம். காகிதம் துண்டாக்கும் இயந்திரம் தானாக இயங்கும் வகை என்றால் மின்னிணைப்பையே துண்டித்துவிடுங்கள். காகிதத்தை நக்கப்போன நாயின் நாக்கு அதில் சிக்கிய விபத்துகள் உண்மையில் நடந்திருக்கின்றன. தொப்பி, புகைப்படம் எடுக்கிற பத்து வினாடிக்கு மட்டும். அதற்கும் அது இசைந்தால் மட்டும்.

கடைசியாக ஒன்று. நாற்பது பேர் வட்டமாகச் சூழ்ந்து நின்று கைதட்டிப் பாடுவது நமக்குக் கொண்டாட்டம். நாய்க்கு அது முற்றுகை. தூக்கமில்லாதபோது கொட்டாவி விடுவது, உணவில்லாதபோது உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது ஆகியவை 'போதும்' என்பதற்கான அடையாளங்கள். வால் ஆடுகிறதே என்று இருந்துவிடாதீர்கள். வால் பதற்றத்திலும் ஆடும். கதவைத் திறந்தே வையுங்கள், அது எழுந்து போனால் போகட்டும்.


மறுமொழி: பழையகோப்பு

பதிவறையில் முப்பது ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். உங்கள் வரைவை இரண்டுமுறை படித்தேன். கூட்டத்தைப் பற்றிய வரி அருமை. அந்த ஒரு வரிக்காக நான் உங்களுக்கு ஆண்டு ஊதிய உயர்வைப் பரிந்துரைப்பேன். ஆனால் சிரிக்காத மூன்றாமவர் யார் என்பதைக் கேட்காமலே என்னால் ஓரளவு ஊகிக்க முடிகிறது. உங்கள் அலுவலகத்தில் ஒப்பந்த ஊழியர்கள் இருக்கிறார்களா? தகுதிகாண் பருவம் நீட்டிக்கப்பட்டவர்கள் இருக்கிறார்களா? இருந்தால், ஒரே ஆண்டில் நாயை நிரந்தரமாக்கும் அந்தக் கடைசி வரி அவர்கள் காதில் எப்படி விழும் என்று எண்ணிப் பாருங்கள். நிரந்தர ஊழியர் எழுதி, நிரந்தர ஊழியர்கள் சிரிக்கிற நகைச்சுவை அது. வருகையில் பின்தங்கிய ஏழு பேர் விஷயமும் அப்படியே. யார் வீட்டில் நோயாளி இருக்கிறார், யார் எதனால் தாமதமாக வருகிறார் என்பதெல்லாம் பதிவேட்டில் இருக்காது.

அதற்காக நகைச்சுவையையே விட்டுவிட வேண்டியதில்லை. ஆளை விட்டுவிட்டு அலுவலக நடைமுறையைக் கிண்டல் செய்யுங்கள். படிவத்தையும் குறிப்பாணையையும் கேலி செய்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், ஏனென்றால் நாம் அனைவருமே படிவத்தால் துன்புற்றவர்கள்.

இதற்கு உலகறிந்த முன்மாதிரி ஒன்று உண்டு. தென்னாப்பிரிக்காவில் சைமன்ஸ் டவுன் என்ற கடற்படைத் தளத்தில் கிரேட் டேன் இன நாய் ஒன்று மாலுமிகளோடு தொடர்வண்டியில் பயணச்சீட்டு இல்லாமல் ஏறி ஊர்சுற்றிக்கொண்டிருந்தது. ரயில்வே நிர்வாகம் பொறுமை இழந்து, நாயை ஒழித்துக்கட்டப்போவதாக எச்சரித்தது. மாலுமிகளுக்கு இலவசப் பயணம் உண்டு என்பதால், கடற்படை 1939 ஆகஸ்ட் 25 அன்று அந்த நாயையே முறைப்படி படையில் சேர்த்துக்கொண்டது. எல்லோரும் அதை 'நியூசன்ஸ்', அதாவது தொல்லை, என்று அழைத்துவந்தார்கள். படிவத்தில் முதற்பெயர்க் கட்டத்தைக் காலியாக விடக் கூடாது என்பதற்காக 'ஜஸ்ட்' என்று சேர்த்தார்கள். ஆக, மாலுமி ஜஸ்ட் நியூசன்ஸ், வெறும் தொல்லை. உங்கள் நிலுவைக்கு இதைவிட நெருங்கிய உறவினர் கிடைக்க மாட்டார்; இரண்டுக்கும் படிவம்தான் பெயர் வைத்திருக்கிறது. தொழில் என்ற இடத்தில் 'எலும்பு நொறுக்குபவர்' என்று எழுதினார்கள். அதற்கு ஒழுங்கு நடவடிக்கைப் பதிவேடும் இருந்தது: அனுமதியின்றிப் பணிக்கு வராமை, கழுத்துப்பட்டையைத் தொலைத்தமை, மேலதிகாரிகளின் கூடத்தில் ஒரு கட்டிலில் உறங்கியமை. கடைசிக் குற்றத்துக்கு ஏழு நாட்கள் எலும்பு நிறுத்தம். 1944இல் அது இறந்தபோது இராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். அந்த ஊரில் இன்றும் அதற்குச் சிலை இருக்கிறது. அந்தப் பதிவேட்டில் எந்த மாலுமியோடும் நாயை ஒப்பிட்டு ஒரு வரிகூட இருந்ததாக நான் படித்ததில்லை. இன்றைக்குப் படித்தாலும் சிரிப்பு வருவதற்கு அதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

ஆகவே மதிப்பீட்டு அறிக்கையைக் கைவிட்டு, விளக்கம் கோரும் குறிப்பாணை ஒன்றை எழுதுங்கள். செருப்பு விவகாரம் அதற்கென்றே பிறந்திருக்கிறது. நாயின் சார்பில் ஒரு பதிலும் எழுதலாம். நம் மொழியில் ஏற்கெனவே 'நாய்க்கு வேலை இல்லை, நிற்க நேரமும் இல்லை' என்று ஒரு பழமொழி இருப்பதால், பணிச்சுமை குறித்த பத்திக்கு நீங்கள் அதிகம் மெனக்கெட வேண்டியிருக்காது.


மறுமொழி: கால்குலேட்டர்

வயதைப் பற்றி மேடையில் யாராவது 'நாய்க்கு ஒரு வயது, மனிதர்க்கு ஏழு' என்று சொல்லத்தான் போகிறார்கள். அது சரியான கணக்கன்று. நடுத்தர அளவுள்ள நாயின் முதல் ஆண்டை மனிதரின் ஏறத்தாழ 15 ஆண்டுகளுக்கு ஈடாகக் கொள்வது கால்நடை மருத்துவர்களிடையே உள்ள வழக்கம். சான் டியேகோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் 104 லாப்ரடார் நாய்களின் மரபணுவில் வயதோடு ஏற்படும் வேதி மாற்றங்களை ஆராய்ந்து, நாயின் வயதுக்கு இயல் மடக்கை கண்டு, அதை 16ஆல் பெருக்கி, 31ஐக் கூட்ட வேண்டும் என்றார்கள். ஒன்றின் மடக்கை சுழியம். எனவே முதல் பிறந்தநாளில் கணக்குப் போடவே வேண்டாம், விடை 31. ஒரே இனத்தை வைத்துச் செய்த ஆய்வு என்பதால் உங்கள் நிலுவைக்கு இது அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 15க்கும் 31க்கும் இடையில் எந்த வயதிலும் செருப்பு தின்பதை மன்னிக்க முடியாது என்று குறிப்பாணையில் சேர்த்துக்கொள்ளலாம்.


மறுமொழி: மூன்றாம்மாடி

நான் நாய்க்கு அஞ்சுபவன். சிறுவயதில் கடிபட்டவன் என்பதால் இது வெறும் கூச்சமன்று. எங்கள் அலுவலகத்திலும் நாய் உண்டு. அதன் பிறந்தநாளுக்கு நான் விடுப்பு எடுத்தேன். மறுநாள் என் மேசையில் ஒரு கேக் துண்டும், 'நிலுவையில் உள்ள வீரம்' என்ற அட்டையும் இருந்தன. (நிலுவை என்ற சொல்லை உங்கள் நாய்க்கு முன்பே என்மீது பயன்படுத்திவிட்டார்கள்.) எழுதியவர்கள் கெட்டவர்கள் அல்லர். ஆனால் அன்றிலிருந்து நான் மின்தூக்கியை விட்டுவிட்டுப் படிக்கட்டில் ஏறுகிறேன், நாய் மின்தூக்கியருகே படுத்திருப்பதால்.

அலுவலகத்தில் நாய் இருந்தால் மன அழுத்தம் குறைகிறது என்று ஓர் ஆய்வை எப்போதும் எடுத்துக்காட்டுவார்கள். வர்ஜீனியா காமன்வெல்த் பல்கலைக்கழகத்தினர் 2012இல் வெளியிட்டது அது. 75 ஊழியர்களிடம் கேட்டதில், தங்கள் சொந்த நாயை அழைத்துவந்தவர்களின் அழுத்தம் நாள் முழுவதும் ஏறாமல் இருந்தது, மற்றவர்களுக்கு ஏறியது. தம் நாயைத் தாமே கொண்டுவந்தவர்களுக்கு நிம்மதி கிடைத்தது என்பதற்கு மேல் அதிலிருந்து எனக்கு ஆறுதலாக எதையும் எடுக்க முடியவில்லை.

விழாவை நிறுத்தச் சொல்லவில்லை. வர விரும்பாதவர்கள் காரணம் சொல்லாமலே வராமலிருக்க வழி வையுங்கள். 'அனைவரும் தவறாமல் கலந்துகொள்ள வேண்டும்' என்ற வரி சுற்றறிக்கையில் இருந்தால் அதை அடித்துவிடுங்கள். ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் இது பொருந்தும்.


மறுமொழி: மேசையடி (கேட்டவர்)

அனைவருக்கும் நன்றி. பழையகோப்பு அவர்களின் ஊகம் சரிதான். எங்களிடம் பதினொரு ஒப்பந்த ஊழியர்கள் இருக்கிறார்கள். சிரிக்காத அந்த நண்பரின் தகுதிகாண் பருவம் இந்த ஆண்டில் இரண்டாம் முறையாக நீட்டிக்கப்பட்டிருக்கிறது. நான் அவர் பக்கத்து மேசையில்தான் அமர்கிறேன், எனக்குத் தோன்றவில்லை. வரைவை அவரிடமே கொடுத்து, திருத்தித் தரும்படி கேட்டேன். முதலில் மறுத்தார். பிறகு, தமக்கு வந்த குறிப்பாணைகளின் நடை மனப்பாடம் என்று சொல்லி, முழுவதையும் அவரே எழுதிவிட்டார். என்னைவிட நன்றாக எழுதுகிறார் என்பதைச் சற்று வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

"பொருள்: இடதுகால் செருப்பு ஒன்று காணாமற்போனது தொடர்பாக விளக்கம் கோருதல். பார்வை: கணக்குப் பிரிவின் வாய்மொழிப் புகார், மற்றும் சம்பவ இடத்தில் காணப்பட்ட உமிழ்நீர். மேற்படி பொருளில், தாங்கள் அன்று பிற்பகல் கணக்குப் பிரிவில் எவ்வித அலுவலும் இன்றி இருந்ததற்கும், பின்னர் மிகுந்த அலுவல் இருந்ததுபோல் விரைந்து வெளியேறியதற்கும் உரிய விளக்கத்தை, இக்குறிப்பாணை கிடைத்த ஏழு நாட்களுக்குள், மூன்று படிகளில் அளிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது. விளக்கம் பெறப்படாத நிலையில், தங்களுக்குச் சொல்வதற்கு ஏதுமில்லை எனக் கருதப்பட்டு, மேல்நடவடிக்கை தொடரும். இக்குறிப்பாணையைத் தின்பது, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புதலாக எடுத்துக்கொள்ளப்படும்."

நாயின் பதில்: "ஐயா, அந்தச் செருப்பு நீண்ட நாட்களாக ஒரே இடத்தில் நடவடிக்கையின்றிக் கிடந்ததால், அதை முடித்துவைத்தேன்."

பலூனை நீக்கிவிட்டோம். கைப்பைச் சுற்றறிக்கை தயார். 'தவறாமல்' என்ற சொல்லை அடித்துவிட்டேன்; இருந்தது, மூன்றாம்மாடி அவர்களே, தடித்த எழுத்தில் இருந்தது.


மறுமொழி: வால்நட்சத்திரம்

இன்னொன்றை மறந்துவிட்டேன். குட்டிப்பருவத் தடுப்பூசிகளுக்குப் பின் ஓராண்டு வாக்கில் போட வேண்டிய ஊக்க ஊசிகளும் வெறிநோய்த் தடுப்பூசியும் இந்த வயதில்தான் வரும். அதையும் பிறந்தநாளோடு நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் விழா நாளன்று போட்டுவிடாதீர்கள். ஊசி போட்ட அன்று அது சோர்ந்திருக்கலாம். குட்டிகளுக்கான உணவிலிருந்து வளர்ந்த நாய்க்கான உணவுக்கு மாறும் காலமும் இதுதான். பெரிய இனமென்றால் இன்னும் சில மாதம் ஆகலாம் என்பதால் மருத்துவரைக் கேட்டு, ஒரு வாரத்தில் சிறிது சிறிதாக மாற்றுங்கள்.


மறுமொழி: மேசையடி (கேட்டவர்)

விழா நேற்று முடிந்தது. முப்பத்தொரு பேர் வந்தார்கள். வராத ஒன்பது பேரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. குறிப்பாணையை எழுதிய நண்பரே வாசித்தார். 'மூன்று படிகளில்' என்ற இடத்தில் மேலாளர் சிரித்ததை நாங்கள் முதன்முறையாகப் பார்த்தோம். சிரித்து முடித்தவுடன், அந்த மூன்று படி விதியை இனி உண்மையிலேயே எடுத்துவிடலாமா என்று கேட்டார். நண்பரின் நிரந்தரம் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, நாங்களும் அந்த இடத்தில் கேட்கவில்லை. ஆனால் கோப்பு மேலாளர் மேசையில்தான் இருக்கிறது என்பதைத் திங்கட்கிழமை நினைவூட்ட நான்கு பேர் முடிவுசெய்திருக்கிறோம்.

நிலுவை ஆறு நிமிடம் விழாவில் இருந்தது. பாட்டை நாங்கள் பாடவில்லை. கொட்டாவி விட்டது, இரண்டாம் கொட்டாவிக்கு முன்பே கதவு வழியாக வெளியேறிப் பதிவேட்டு மேசையின் அடியில் படுத்துக்கொண்டது. குறிப்பாணையைக் கொண்டுபோய் முன்னால் வைத்தபோது ஒரு மூலையை மட்டும் கடித்தது. ஒப்புதலாகக் கருதி, வாயிலிருந்து மீட்டுக் கோப்பில் சேர்த்துவிட்டோம்.

ஒரு வயது ஆகிவிட்டதே, இப்போதாவது பதிவேட்டில் பெயரை எழுதிவிடலாமா என்று காவலர் கேட்டார். அடுத்த கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம் என்று முடிவாகியிருக்கிறது.